துருவற்பொறியும் உப்புக்காற்றும்

“மில்லிங் மெசின்” என்று சொன்னால் மாம்புரியிலே செத்தல் மிளகாய் மூட்டையோடு அரைக்க வருவாரும் உளர். “துருவற்பொறி” என்று தமிழிற் சொன்னாலோ தேங்காயை நினைப்பர். இவ்விரண்டு எண்ணங்களுள் பின்னையதே உண்மைக்கு அண்மையது. பழைய துருவலையிலே பற்கள் அசையாது நிற்கத் தேங்காய்ப் பாதியை நாம் கையால் அசைக்கின்றோம். மேசையோரத்திற் பூட்டிக் கைபிடியாற் சுற்றும் துருவலையில், பற்கள் பலவுடைய தலை சுழலத் தேங்காய் அதன்மேல் அழுத்தப்படுகின்றது. இரும்பைத் துருவும் பொறி இந்த இரண்டாவது துருவலையின் உடன்பிறப்பு எனலாம். பற்கள் பலவுடைய வெட்டி ஒன்று சுழலும். மேசையில் இறுகப் பிணிக்கப்பட்ட இரும்புத்துண்டு அதனை நோக்கி மெல்ல நகர்த்தப்படும். மேசை இடமும் வலமும், முன்னும் பின்னும், மேலும் கீழுமாக மூன்று வழிகளில் நகரவல்லது. கடைசற்பொறியிலே வேலைப்பொருள் சுழல, வெட்டும் அலகு சுழலாது நிற்கும். ஆதலின் அஃது உருளை வடிவான பொருள்களுக்கே பெரிதும் உரியது. தட்டையான முகம், நேரான தவாளிப்பு, பற்சில்லின் பல் ஆகியவை வேண்டின் துருவற்பொறியையே நாடவேண்டும்.

விழா மலருக்குத் தமிழாசிரியன் ஒருவன் எழுதுவதாயின் இலக்கியக் கட்டுரையையே நண்பர் எதிர்பார்ப்பர். யானோ சில ஆண்டுகளாக, வகுப்பு முடிந்தபின், ஆங்கில நாட்டிற் செய்யப்பட்ட சிறு துருவற்பொறி ஒன்றைப் புதுக்கி வருகின்றேன். பழைய இரும்புக் கடையிலே நிறைக்கு விலைபேசப்பட்டு, உடைத்து உருக்குவதற்குக் காத்திருந்த பொறி அது. பெயர்த்தகடும் அதில் இல்லை. அதனை வீட்டிற்குக் கொணர்ந்த காரணம் பழம்பொருளின்மேல் உள்ள காதல் மட்டும் அன்று.

கற்பிட்டிக் குடாநாட்டின் மண் மணல்மண். வெங்காயமும் மிளகாயும் மரக்கறியும் கிணற்று நீராலேயே வாழ்கின்றன. அந்நீரை இறைப்பது நீரிறைக்கும் இயந்திரம். அதன் தண்டிலே சாவி இருக்கும் தவாளிப்புத் தேய்ந்து விரிந்துவிட்டால் சில்லு தண்டோடு சேர்ந்து சுழலாது. பழுது சிறிது, ஆயின் தண்டு புத்தளத்துக்கோ கொழும்புக்கோ சென்று மீளும்வரை மணலிலே நிற்கும் வெங்காயம் காத்திராது. 2022ஆம் ஆண்டில் அந்நியச் செலாவணி வற்றி, எரிபொருளுக்கும் உதிரிப்பாகங்களுக்கும் நாடு முழுவதும் தவித்தபோது, புதுத் தண்டு வாங்கலாம் என்பதும் பேச்சளவிலேயே நின்றது. எட்டு மில்லிமீற்றர் அகலமான ஒரு தவாளிப்பை ஊருக்குள்ளேயே வெட்டமுடியுமா என்னும் கேள்விதான் என்னை இத்தொழிலுக்குள் இழுத்தது.

யாழ்ப்பாணக் குடாநாடு பொருளாதாரத் தடைக்குட்பட்டிருந்த 1990களில், பெற்றோலிற் சில துளிகளால் இஞ்சினைத் தொடக்கி மண்ணெண்ணெயால் ஓட்டிய மக்களின் திறமையை நாம் கேள்விப்பட்டிருக்கின்றோம். 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுட் பெருந்தொகையினர் புத்தளம் மாவட்டத்திலே தஞ்சம் புகுந்தனர். அவர்களோடு அவர்தம் கைத்தொழில்களும் வந்தன. எனக்கு அரம் பிடிக்கக் கற்பித்தவர் அவ்வாறு வந்த ஒரு பெரியவரே. ஊரார் அவரைப் “பட்டறை நானா” என்பர். “சேர், இரும்புக்கு அவசரம் கூடாது” என்பது அவர் எனக்கு அடிக்கடி சொல்லும் சொல்.

பொறியின் வரலாற்றைச் சுருங்கச் சொல்லி அப்பாற் செல்வோம். 1818ஆம் ஆண்டளவில் அமெரிக்கரான எலி விற்னி என்பாரே இதனை முதன்முதல் ஆக்கினார் என நெடுங்காலம் எழுதிவந்தனர். பின்வந்த ஆய்வாளர் அதனை மறுத்து, நியூ இங்கிலாந்துத் துப்பாக்கித் தொழிற்சாலைகளிலே பலர் கைப்பட்டு வளர்ந்த பொறி இஃது எனக் காட்டினர். 1862இல் யோசெப்பு பிறவுன் என்பாரின் பொதுத் துருவற்பொறி விற்பனைக்கு வந்தது. துளையிடும் அலகிலே முறுக்கிச் செல்லும் தவாளிப்பை வெட்டுவதற்காகவே அவர் அதனை வகுத்தார். இருபதாம் நூற்றாண்டிலே இங்கிலாந்தில் ரொம் சீனியர், சென்ரெக் முதலிய நிறுவனத்தார் சிறு பட்டறைகளுக்கும் பாடசாலைகளுக்கும் ஏற்ற சிறிய பொறிகளைச் செய்தனர். நம் அயலிலே, 1953இல் பெங்களூரில் தொடங்கிய இந்துஸ்தான் இயந்திரக் கருவி நிறுவனமும் துருவற்பொறிகள் செய்து பெயர்பெற்றது. இலங்கையிலே பழைய இரும்புக் கடைகளில் இன்றும் எதிர்ப்படுவன பெரும்பாலும் இத்தகையனவே. கொழும்பு பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகம் தேடி அலைந்தவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

வாங்கும்போது எதனைப் பார்ப்பது? வர்ணம் உரிந்திருப்பதும் மேற்பரப்பில் மெல்லிய துரு படிந்திருப்பதும் பொருட்டல்ல. மேசையில் வெடிப்பு உண்டா, சுழல்தண்டைக் கையாற் பிடித்து அசைத்தால் ஆடுகின்றதா, கைச்சில்லுகளைச் சுற்ற மேசை மூன்று வழியிலும் முழுத்தூரம் நகர்கின்றதா என்பவற்றையே பார்த்தல் வேண்டும். காணாமற்போன கைபிடியை நாமே செய்யலாம். வெடித்த வார்ப்பிரும்பை ஒட்டுவது எளிதன்று. இவ்வகைச் சிறு பொறிகள் நான்கு முதல் ஏழு அந்தர் வரை நிறையுடையன. ஆகையால் முழுதாகத் தூக்க முயல்வது முதுகுக்கு ஆபத்து. மேசை, தலை, மோட்டர் ஆகியவற்றைக் கழற்றித் தனித்தனியே ஏற்றுதலே முறை.

கழற்றும்போது ஒவ்வொரு நிலையையும் கைத்தொலைபேசியாற் படம்பிடித்து, திருகாணிகளைத் தனித்தனி யாடியில் இட்டுப் பெயர் எழுதி வைக்கவேண்டும். கோயம்புத்தூரிலே தொழிலறிஞராகப் புகழ்பெற்ற ஜி. டி. நாயுடு, இளமையில் ஆங்கில அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளை வாங்கிப் பிரித்துப் பூட்டியே இயந்திரக்கல்வி பெற்றார் என்பர். அவருக்குக் கைத்தொலைபேசி இல்லை, நினைவாற்றல் இருந்தது. நம்மைப் போன்றோருக்குப் படமே துணை. பழைய வர்ணத்தில் ஈயம் கலந்திருக்கக்கூடும். அதனை உலர்ந்தபடியே உரசித் தூளாக்குதல் தீது. நனைத்துச் சுரண்டி, சுரண்டியதைத் தாளிற் பொதிந்து அகற்றுதல் வேண்டும். சிறுவர் விளையாடும் முற்றத்தில் இவ்வேலையைச் செய்தலாகாது.

இனித் துருவைப் பற்றி. நம் கரைக்கு இதுவே தலையாய பகை. மே முதல் செப்ரெம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று எவ்வளவு வலியது என்பதற்கு மாம்புரியிலே 2010 முதல் எழுந்த காற்றாலைகளே சான்று. அக்காற்று கடலுப்பையும் மணலையும் சுமந்து வருகின்றது. இரும்பின் நுண்குழிகளில் உப்பின் குளோரைட்டுத் தங்கிவிட்டால், மேலே எவ்வளவு எண்ணெய் பூசினும் அடியிலே துரு வளர்ந்துகொண்டே இருக்கும். ஆகவே துருவைச் சுரண்டுமுன் உப்பைக் கழுவுதல் வேண்டும். கரையோரக் கிணறுகள் சிலவற்றின் நீரே உவர்த்தன்மை உடையது. மழைநீரைச் சூடாக்கிக் கழுவுவதே நன்று. கழுவியவுடன் வெயிலில் வைத்து ஈரம் போக்கி, அன்றைக்கே எண்ணெய் பூசவேண்டும்.

சிறு பாகங்களின் துருவை அகற்ற மின்பகுப்பு முறை சிறந்தது. பிளாத்திக்குத் தொட்டியிலே ஒரு கலன் நீருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச்சோடா கரைத்து, மின்கலவடுக்கை ஏற்றும் 12 வோற்றுக் கருவியின் எதிர்முனையைத் துருப்பிடித்த பாகத்தோடும், நேர்முனையைப் பழைய இரும்புத் தகட்டோடும் இணைக்கவேண்டும். பாகமும் தகடும் ஒன்றையொன்று தொடலாகாது. முனைகளை மாற்றி இணைத்தால் நல்ல பாகம் கரையும். கறையில்லா உருக்கைத் தகடாகப் பயன்படுத்துவோர் சிலர் உளர். அதிலுள்ள குரோமியம் நச்சுத்தன்மையுள்ள சேர்வையாக நீரிற் கலத்தலின் அது கூடாது. மின்னோட்டத்தை விரைவுபடுத்தக் கறியுப்பு இடுவதும் கூடாது. ஐதரசன் வாயு எழுமாகையால் திறந்த வெளியிலே, நெருப்புக்கு அப்பாற் செய்தல் வேண்டும். வில்லுச்சுருள்களையும் அலுமினியப் பாகங்களையும் இத்தொட்டியில் இடலாகாது. வில் ஐதரசனை ஏற்று நொறுங்கும் இயல்பு பெறும். அலுமினியத்தைச் சோடா அரிக்கும்.

நம் வீடுகளிற் பித்தளைக்குப் புளி தேய்ப்பதுபோல் இரும்பையும் புளிக்கரைசலில் ஊறவைக்கலாமா எனக் கேட்பர். துரு போகும்; நெடுநேரம் விட்டால் துருவோடு நல்லிரும்பும் போகும். ஊறவைப்பதாயின் இடையிடையே எடுத்துப் பார்த்து, முடிவிற் சோடா நீரிற் கழுவ வேண்டும். தேங்காயெண்ணெயைப் பொறிக்குப் பூசுவதும் ஊரிலுள்ள வழக்கம். அது நாளடைவிற் காறி அமிலத்தன்மை பெறும். வெண்கலப் பாகங்களிற் பச்சைப் படிவு தோன்றும். அடுப்படிக்கு உரியதை அடுப்படியிலேயே விட்டு, பொறிக்குக் கனிய எண்ணெயே இடுக.

மேசை வழுக்கிச் செல்லும் முகங்களை மட்டும் எக்காரணத்தாலும் மணற்றாள் இட்டுத் தேய்த்தலாகாது. மண்ணெண்ணெயும் பித்தளைத் தூரிகையும் போதும். ஏனெனில், அம்முகங்களின் நேர்மையே பொறியின் உயிர். அவை பழைய நாளில் தொழிலாளன் கையாற் சுரண்டிச் சமனாக்கியவை. முகத்திற் காணும் பிறைவடிவான சிறு கீறல்கள் அவன் கையொப்பம் போல்வன. அக்கீறல்கள் நடுவில் மறைந்து ஓரங்களிற் மட்டும் எஞ்சியிருப்பின் நடுப்பகுதி தேய்ந்துவிட்டது என அறியலாம். மேசையின் பக்கத்தே தளர்வை எடுக்கும் ஒடுங்கிய பட்டை ஒன்று உண்டு. நடுப்பகுதிக்கேற்ப அதனை இறுக்கினால் மேசை இரு அந்தங்களிலும் சிக்கும். அந்தங்களுக்கேற்பத் தளர்த்தினால் நடுவில் ஆடும். சிறு தேய்வாயின் வேலை பெரும்பாலும் நடக்கும் இடத்துக்கேற்ப இறுக்கிக்கொள்வதே அறிவுடைமை. பெருந்தேய்வாயின் மீளச் சுரண்டல் வேண்டும்.

சமதளம் என்பதை முதன்முதல் எவ்வாறு பெற்றனர் என்பது மாணவர் சிந்தனைக்குரியது. சரியான அளவுகோல் இல்லாமலே சரியான தளத்தை ஆக்குவது எங்ஙனம்? இரண்டு தட்டுகளை எடுத்து, ஒன்றில் நீலமை தடவி மற்றொன்றின்மேல் வைத்து, மை பட்ட மேடுகளைச் சுரண்டிச் சுரண்டி இரண்டையும் பொருந்தச் செய்யலாம். ஆயின், ஒன்று குழிந்தும் மற்றொன்று அதற்கேற்பப் புடைத்தும் இருப்பினும் அவை பொருந்திவிடும். மூன்றாவது தட்டு ஒன்றைச் சேர்த்தால் இவ்வேமாற்றுக்கு இடமில்லை. முதலாவதோடு இரண்டாவதும், இரண்டாவதோடு மூன்றாவதும், மூன்றாவதோடு முதலாவதும் பொருந்தவேண்டுமாயின், மூன்றும் சமதளமாக இருந்தே தீரவேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே இம்முறையை எங்கும் பரப்பியவர் இங்கிலாந்தினரான யோசெப்பு விற்வேத்து. ஓர் அங்குலத்துக்கு இத்தனை புரி எனத் திருகாணிக்கு அளவு வகுத்தவரும் அவரே. பழைய ஆங்கிலப் பொறிகளின் திருகாணிகள் 55 பாகைப் புரிக்கோணம் உடையனவாய் இன்றைய மெற்றிக்குச் சுரையோடு பொருந்தாமைக்கு அவர் வகுத்த அளவே காரணம். பொருந்தாத சுரையை வலிந்து ஏற்றிப் புரியைக் கெடுத்தவர் ஊர்தோறும் உளர்.

வீட்டிலே கருங்கற் சமதளத் தட்டு இல்லாதவர் தடித்த கண்ணாடித் துண்டொன்றை நன்றாகத் தாங்கவைத்து முதற்சோதனைக்குப் பயன்படுத்தலாம். நுண்ணிய சுரண்டலுக்கு அது போதாது.

அடுத்துத் திருகுதண்டு. பழைய ஆங்கிலப் பொறியிலே பெரும்பாலும் கைச்சில்லின் ஒரு சுற்றுக்கு மேசை பத்திலொரு அங்குலம் நகரும். சில்லின் விளிம்பிலே நூறு பிரிவுகள் இருக்கும். ஆகவே ஒரு பிரிவு ஆயிரத்திலொரு அங்குலம். திருகுதண்டும் வெண்கலச் சுரையும் தேய்ந்திருப்பின், திசைமாற்றிச் சுற்றும்போது சில பிரிவுகள் கடக்கும்வரை மேசை அசையாது. இவ்வீண்சுற்று எவ்வளவு என அளந்து பொறியருகே எழுதி வைத்தல் நன்று. அளவுக்கு நகர்த்தும்போது எப்போதும் ஒரே திசையில் அணுகினால் இதனால் வரும் பிழை நீங்கும். அன்றியும், வெட்டியின் பற்கள் செல்லும் திசைக்கு எதிராகவே வேலைப்பொருளை ஊட்டவேண்டும். இரண்டும் ஒரே திசையிற் செல்லின், பற்கள் வேலையைப் பற்றித் தம்பால் இழுத்துக்கொள்ளும், வீண்சுற்றின் அளவுக்கு மேசை திடீரெனப் பாயும், வெட்டி முறியும். பழைய பொறியை வாங்கிய சில நாட்களில் வெட்டிகளை முறித்துவிட்டுப் பொறியைப் பழிப்போர் பெரும்பாலும் இந்நுணுக்கத்தை அறியாதவரே.

மோட்டரைப் பற்றி நீட்டவேண்டியதில்லை. பழைய பொறிகள் பல 400 வோற்று மூவவத்தை மின்னுக்கு உரியன. வீட்டில் இருப்பதோ 230 வோற்று ஓரவத்தை மின். கொள்ளளவியுடைய ஓரவத்தை மோட்டரைப் பூட்டுதல் மலிவான வழி. மீடிறன் மாற்றி என்னும் கருவியை இடையிற் பொருத்தின் பழைய மோட்டரையே ஓட்டலாம். வேகத்தையும் விரும்பியவாறு மாற்றலாம். அதற்கு மோட்டரின் சுருள்களை உடு இணைப்பிலிருந்து முக்கோண இணைப்புக்கு மாற்றவேண்டும். மிகப் பழைய மோட்டர்களில் மூன்று கம்பிகள் மட்டுமே வெளியில் வரும். மற்றை மூன்றும் உள்ளே முடிச்சிடப்பட்டிருக்கும். அவற்றைத் தேடி எடுப்பது மின்தொழில் அறிந்தவர் வேலை. புவித்தொடுப்பும் ஒழுக்கு மின்னைத் துண்டிக்கும் ஆளியும் இன்றிப் பொறியை இயக்குவதை யான் ஒருபோதும் ஏற்கேன்.

பொறியை நிறுத்தும் இடமும் கருதத்தக்கது. மணல்மண்ணிலே வெறுந்தரையில் வைத்தால் நாளடைவில் ஒருபக்கம் இறங்கும். கொங்கிறீற்றுத் தளம் இட்டு நீர்மட்டம் பார்த்து நிறுத்துக. கிடுகுக் கொட்டில் காற்றுக்கு இனியது, பொறிக்குத் தீது. மணலிலுள்ள படிகக்கல் வார்ப்பிரும்பிலும் வெண்கலத்திலும் கடியது. வழுக்குமுகத்திலே சில மணிகள் புகுந்தால் அவையே அரமாகும். ஆதலால் கடற்பக்கச் சாளரத்தை அடைத்து, வேலை முடிந்ததும் தடித்த துணியாற் போர்த்து, துணியின்கீழ் சிறு இழைமின்குமிழ் ஒன்றை எரியவிடல் வேண்டும். இரவிற் குளிர்ந்த இரும்பின்மேல் விடியற்காலை ஈரக்காற்றுப் பட்டு வியர்ப்பதை அவ்விளஞ்சூடு தடுக்கும். இன்றைய எல்.ஈ.டி. குமிழிற் சூடு போதாது.

துணைக்கருவிகளில் முதலாவது நல்ல வைசு. பொறிக்குச் செலவிட்டதிற் பாதியை இதற்குச் செலவிடினும் தகும். அடுத்து, வெட்டியைச் சுற்றிலும் நெருக்கிப் பிடிக்கும் கொலெற்று எனப்படும் பிளவுக்குழல்கள். துளையலகைப் பிடிக்கும் வாயிலே துருவும் வெட்டியைப் பிடிப்போர் உளர். துளையலகு நேர்கீழாக அழுத்தப்படுவது. துருவும் வெட்டியோ பக்கவாட்டில் தள்ளப்படுவது. அவ்வழுத்தத்தால் வெட்டி சிறிது சிறிதாகக் கீழிறங்கி வேலையைக் கெடுக்கும், சிலபோது வாயே தண்டிலிருந்து கழன்று விழும். வேணியர் இடுக்கிமானியும் முகப்பு அளவுமானி ஒன்றும் இருந்தால் தொடங்கலாம். உடையைப் பற்றியும் சொல்லவேண்டும். சாரமும் வேட்டியும் தளர்ந்த சட்டைக்கையும் சுழலும் பொறியருகே ஆகா. கையுறையும் ஆகாது. கண்ணுக்குக் கண்ணாடி வேண்டும். சீவல்களைப் பொறி நின்றபின் தூரிகையால் அகற்றுக.

இனித் தண்டின் தவாளிப்பை வெட்டிப் பார்ப்போம். 25 மில்லிமீற்றர் விட்டமுள்ள தண்டுக்குச் சாவி 8 மில்லிமீற்றர் அகலம். தண்டிலே 4 மில்லிமீற்றர் ஆழம் வெட்டவேண்டும். பழைய தவாளிப்புக் கெட்டிருப்பின் தண்டைத் திருப்பி எதிர்ப்பக்கத்திற் புதியதை வெட்டலாம். முதலிற் வேகம். விரைவுருக்கு வெட்டி மெல்லுருக்கை வெட்டும்போது பல்லின் நுனி நிமிடத்துக்கு 25 மீற்றர் அளவில் ஓடுதல் தக்கது. 25,000 மில்லிமீற்றரை வெட்டியின் சுற்றளவாகிய 25.1ஆல் வகுக்க, நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,000 சுற்று வரும். இதே கணக்கை 50 மில்லிமீற்றர் வெட்டிக்குச் செய்தால் 160 சுற்றே வரும். பெரிய வெட்டியைச் சிறிய வெட்டியின் வேகத்தில் ஓட்டிப் பற்களைக் கருக்குவது இக்கணக்கைச் செய்யாமையாலேயே.

பின்னர் வெட்டியைத் தண்டின் நடுவுக்குக் கொணரவேண்டும். தண்டின் பக்கத்திலே எண்ணெயால் மெல்லிய தாள் ஒன்றை ஒட்டி, சுழலும் வெட்டியை நோக்கி மேசையை மெல்ல நகர்த்த, வெட்டி தாளைப் பறிக்கும் கணத்தில் நிறுத்துக. தாளைக் கையாற் பிடித்திருத்தல் ஆகாது. மேசையை இறக்கி, தண்டின் ஆரம் 12.5, வெட்டியின் ஆரம் 4, தாளின் தடிப்பு 0.1 எனக் கூட்டி 16.6 மில்லிமீற்றர் அதே திசையில் நகர்த்தினால் வெட்டி நடுவில் நிற்கும். அங்குலப் பொறியாயின் 16.6ஐ 25.4ஆல் வகுக்க 0.6535 அங்குலம், அதாவது கைச்சில்லில் ஆறு முழுச்சுற்றும் 53½ பிரிவும். என் வகுப்பு மாணவர் இருவர் சனிக்கிழமைகளில் வந்து இக்கணக்கைத் தாமே செய்கின்றனர். தசமத்தை வெறுத்த ஒருவன் இப்போது என்னைத் திருத்துகின்றான். அகப்பொறியின் சொற்களுக்குத் தமிழ் தேடுவது எங்கள் பொழுதுபோக்கு. அரசகரும மொழித் திணைக்களத்தாரின் பழைய சொற்றொகுதிகள் தந்த “தவாளிப்பு”, “சுரை”, “பற்சில்லு” ஆகியவை நானாவின் நாவிலும் இயல்பாகவே வருகின்றன. “கொலெற்று” மட்டும் இன்னும் கொலெற்றாகவே நிற்கின்றது.

ஆழத்தை ஒரேயடியாக வெட்டாது, ஒருமுறைக்கு ஒரு மில்லிமீற்றராக நான்கு முறை செல்லவேண்டும். துளித்துளியாக எண்ணெய் விடவேண்டும். முடிந்ததும் சாவியைப் பொருத்திப் பார்க்க, மெல்லத் தட்டினால் இறங்குவதாய், விரலால் அசைத்தால் அசையாததாய் இருத்தல் வேண்டும். பழக்கப்பட்ட கைக்கு ஒரு மணி நேர வேலை. பற்சில்லு வெட்டுவதற்குப் பிரிக்கும் தலை என்னும் கருவி தேவை. அதன் கைபிடி நாற்பது சுற்றுச் சுற்றினால் வேலைப்பொருள் ஒருமுறை சுழலும். 24 பல் வேண்டின் 40ஐ 24ஆல் வகுக்க, பல்லொன்றுக்கு ஒரு முழுச்சுற்றும் மூன்றில் இரண்டும். 18 துளை வட்டத்திலே அம்மூன்றில் இரண்டு 12 துளையாகும். எங்கள் பொறிக்குப் பிரிக்கும் தலை இன்னும் கிடைக்கவில்லை. பஞ்சிகாவத்தையிலே ஒன்று உண்டு எனச் சென்ற மாதம் செய்தி வந்தது. அடுத்த விடுமுறையில் நானாவும் யானும் சென்று பார்க்கவிருக்கின்றோம்.